முன்பணம் கட்டுவதற்கு முன் வாருங்கள்

தியானப் பகுதி: லூக்கா 14:28–30



ஞாயிறு ஆராதனை முடிந்து நான் அங்கியைக் களைவதற்கு முன்பே, ஆலய வாசலில் ஒரு புதிய கார் நிற்பதாகச் சொல்லி என்னை அழைப்பது நம் சேகரத்தில் வழக்கமாகிவிட்டது. வண்டிக்கு மாலை போட்டிருக்கும். குறுக்கே ஒரு ரிப்பன் கட்டியிருக்கும். இனிப்புப் பெட்டியோடு குடும்பத்தார் சுற்றி நிற்பார்கள். நான் வண்டியின்மேல் கை வைத்து ஜெபிப்பேன். ரிப்பனை வெட்டிச் சாவியைக் குடும்பத் தலைவரிடம் கொடுப்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். இருபத்தெட்டு ஆண்டு ஊழியத்தில் இப்படி எத்தனை வாகனங்களுக்காக ஜெபித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச வரவில்லை. பதநீர்க் கலயத்தைத் தலையில் சுமந்து நடந்த தலைமுறையின் பேரன் தன் குடும்பத்தை ஒரு காரில் ஆலயத்திற்கு அழைத்து வருவது தேவனுக்கு நன்றி சொல்லத்தக்க நாளே.

ஆயினும் இந்த வாரம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தனை முறை ஜெபித்த நான், வாங்குவதற்கு முன் ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. “எவ்வளவு கடன்? எத்தனை ஆண்டுத் தவணை? இந்த வண்டி உங்கள் வீட்டுக்கு எதற்கு?” என்று கேட்பது ஆயரின் வேலையன்று என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை நம் சபைச் சகோதரர் ஒருவர் எனக்குக் கற்பித்தார். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு பெரிய, உயரமான கார் வாங்கினார். தனியார் பள்ளி ஆசிரியர். அப்போது மாதச் சம்பளம் 32,000 ரூபாய். எல்லாச் செலவும் சேர்த்து வண்டி 11 லட்சத்துக்கு வந்தது. கையிலிருந்த 2 லட்சத்தைக் கொடுத்து, மீதி 9 லட்சத்தை ஏழாண்டுக் கடனாக வாங்கினார். மாதத் தவணை ஏறத்தாழ 14,700 ரூபாய். மனைவியின் அண்ணன் அதே போன்ற வண்டி வைத்திருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக இன்று அவருக்கே நினைவில்லை. அந்த வண்டிக்காகவும் நான்தான் ஜெபித்தேன். இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் ஆண்டில் அவருடைய தாயாருக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. பெட்ரோல் போட இயலாமல் வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. சிறிது காலத்தில் அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வருவது குறைந்தது. உடல்நலம் சரியில்லை போலும் என்று எண்ணினேன். உண்மையில், பைக்கில் வந்து இறங்கினால் “கார் எங்கே?” என்று யாரேனும் கேட்பார்களே என்ற கூச்சம் அவர்களைத் தடுத்திருக்கிறது. நகரின் மறுபக்கத்தில் தங்களை அறியாத ஒரு சபையில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர் என் வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “ஐயா, அது நீங்க ஜெபம் பண்ணிக் கொடுத்த வண்டி. அதை வித்தா தப்பா? ஆசீர்வாதத்தை வித்த மாதிரி ஆயிடுமா?”

அந்தக் கேள்வி என் உள்ளத்தில் குத்தியது. கடன் கொடுத்த நிறுவனத்தின் வட்டியைவிட, என் ஜெபமே அந்த மனிதனைக் கூடுதலாகக் கட்டிப்போட்டிருந்தது. “தம்பி, நான் ஜெபித்தது உங்களுக்காக. இரும்புக்காக இல்லை. நாளைக்கே விற்றுவிடுங்கள்” என்றேன். விற்றார். வந்த பணம் முழுவதும் கடனுக்கே போனது. அதற்கு மேலும் 50,000 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. முன்பணம், 26 மாதத் தவணை, இந்த 50,000 ஆகியவற்றைக் கூட்டினால் ஆறு லட்சத்துக்கு மேல் வருகிறது. அந்தத் தொகைக்கு ஒரு சிறிய புதிய காரைக் கடனே இல்லாமல் வாங்கியிருக்கலாம்.

கோபுரம் கட்டத் தொடங்குகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று நம் ஆண்டவர் கேட்டார். மெஞ்ஞானபுரத்துக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உவமை எளிதில் விளங்கும். ஆண்டவர் அதைச் சீஷத்துவத்தின் விலையைப் பற்றிச் சொன்னார் என்பதை அறிவேன். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு வீட்டுக் கணக்கு. உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று அவர் எண்ணவில்லை. அதைச் செய்யாமல் தொடங்குகிறவனையே அவர் புத்தியற்றவனாகக் காட்டினார்.

சென்ற மாதம் அதே சகோதரர் மீண்டும் வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. “ஐயா, இந்தத் தடவை முன்னாடியே வந்துட்டேன்” என்றார். அன்று இரவு நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய கணக்கை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களில் சிலர் இவ்வாண்டு ஒரு கார் வாங்க எண்ணியிருக்கிறீர்கள் என்பதை அறிவேன்.

முதலாவது, எந்த நாளுக்காக வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். அவருடைய குடும்பத்தின் ஒரு வாரத்தைத் தாளில் எழுதினோம். பள்ளிக்குப் போக 9 கிலோமீட்டர், வர 9 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆலயம். சனிக்கிழமை கடைத்தெரு. மாதம் ஒரு முறை நாகர்கோவிலில் மாமியார் வீடு. நான்கு பேர். எல்லாம் கூட்டினால் மாதத்துக்கு 750 கிலோமீட்டர். ஆண்டில் இரண்டு முறை மட்டும் ஏழெட்டுப் பேராக வெளியூர் போகிறார்கள். அந்த இரண்டு நாளுக்கு ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாளுக்காக 363 நாள் ஒரு பெரிய வண்டியைச் சுமக்க வேண்டியதில்லை. அவருடைய தெரு எவ்வளவு குறுகலானது என்பதும் எனக்குத் தெரியும். மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய கார் அங்கே ஒரே முயற்சியில் திரும்பும்; பெரிய வண்டி நின்றபோது அண்டை வீட்டாரோடு தினமும் வாக்குவாதம் நடந்தது.

இரண்டாவது, வண்டியின் விலையை மட்டும் பார்க்காமல், அது வீட்டுக்குள் வந்தபின் மாதந்தோறும் கேட்கும் தொகையைப் பாருங்கள். ஷோரூமில் சொல்லும் விலைக்கு மேல் வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகியவை சேரும். எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்கு வரும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொண்டோம். 2 லட்சம் முன்பணம், மூன்றரை லட்சம் கடன். ஒன்பதரை விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனானால் தவணை ஏறத்தாழ 7,350 ரூபாய். ஏழாண்டாக நீட்டினால் அது 5,720 ஆகக் குறையும். விற்பனையாளர் இந்த இரண்டாவது எண்ணைத்தான் வட்டமிட்டுக் காட்டுவார். ஆனால் அந்த இரண்டு கூடுதல் ஆண்டுகளுக்காக நீங்கள் கட்டும் வட்டி 40,000 ரூபாய் அளவுக்கு அதிகம். கடன் மனிதனைக் கட்டிப்போடும் என்று நீதிமொழிகள் 22:7 எச்சரிக்கிறது. எவ்வளவு நீண்ட கடனோ அவ்வளவு நீண்ட கட்டு. ஐந்தாண்டில் அடைக்க முடியாத காரை நம் நிலையிலுள்ளவர்கள் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து எரிபொருள். இப்போது பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு 750 கிலோமீட்டருக்கு 4,200 ரூபாய் ஆகும். 12 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கனத்த வண்டிக்கு 6,250 ரூபாய். மாதம் இரண்டாயிரம் என்பது சிறியதாகத் தோன்றலாம்; ஐந்தாண்டில் அது 1,25,000 ரூபாய். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அது உதவும். இந்த வேறுபாட்டில் மாயம் ஒன்றுமில்லை. எடை குறைந்த வண்டியை ஒவ்வொரு சிக்னலிலும் நின்ற இடத்திலிருந்து இழுக்க எஞ்சின் குறைவாக உழைத்தால் போதும்; அவ்வளவே.

நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் எடுக்கப்பட்டது. ஏ.சி. ஓட, நான்கு பேர் உட்கார, வேகத்தடைகளைத் தாண்டிப் போகும் நம் சாலையில் அது கிடைக்காது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு என்பதால் இன்னும் சற்றுக் குறையும். ஆகவே அதே வண்டியை இரண்டு ஆண்டுகளாக ஓட்டும் சபையார் ஒருவரிடம் கேளுங்கள். வாங்கியபின் டயரில் காற்றைச் சரியாக வைத்திருங்கள். காலத்தில் சர்வீஸ் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரைப் பொறுமையாக மிதியுங்கள். நீடிய பொறுமை ஆவியின் கனிகளில் ஒன்று. அது பெட்ரோலையும் மிச்சப்படுத்துகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சினும் கொண்டவை இவ்வகையில் அடங்கும். இது நல்ல செய்தி. ஆனால் “குறைந்த பணத்துக்கு அடுத்த மாடலையே எடுத்துவிடலாமே” என்ற பேச்சு உடனே கிளம்புகிறது. மிச்சமான தொகை உங்கள் கடனைக் குறைக்கட்டும். வண்டியைப் பெரிதாக்க அதைச் செலவிட்டால் வரி குறைந்தும் உங்களுக்குப் பயனில்லை.

மூன்றாவது, சிக்கனம் என்ற பெயரில் உயிர்ப் பாதுகாப்பில் கை வைக்காதீர்கள். சிறிய கார் வாங்கச் சொல்லும் நான், மலிவான உயிர் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லவில்லை. 2023 அக்டோபர் முதல் ‘பாரத் என்கேப்’ என்னும் மோதல் சோதனை முறை நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் வண்டி சோதிக்கப்பட்டதா, எத்தனை நட்சத்திரம் பெற்றது என்று கேளுங்கள். ஏர்பேக்குகள் எத்தனை, பின்னிருக்கை பெல்ட்டுகள் எப்படி என்று பாருங்கள். பெரிய திரை, பளபளக்கும் சக்கரம், கூடுதல் ஸ்பீக்கர் ஆகியவற்றை விட்டுவிட்டு அந்தப் பணத்தைப் பாதுகாப்புக்குக் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியம்மாவும் பெல்ட் போடட்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஆர்.சி.யில் பழைய கடன் நீக்கப்பட்டிருக்கிறதா, இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு மாறுகிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவர் வைத்திருந்த பழைய சிறிய கார், கடனில் வந்த புதிய பெரிய காரைவிட நிம்மதியாக உறங்க விடும்.

இங்கே வேறொரு கூட்டத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காரே உலகப் பற்று என்று எண்ணும் மூத்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய எளிமையை நான் மதிக்கிறேன். ஆயினும் கணவன், மனைவி, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் ஒரு பிள்ளை என்று ஒரே பைக்கில் மழையில் நனைந்து நெடுஞ்சாலையில் போகும் குடும்பத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட காட்சிதான் ரத்தன் டாட்டாவின் மனத்தில் ‘நானோ’ காருக்கான எண்ணத்தை எழுப்பியது. 2008ஆம் ஆண்டு அது ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று அறிமுகமானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பத்தாண்டுக்குப்பின், 2018இல், உற்பத்தி நின்றுபோனது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்: மிக மலிவான கார் என்ற பெயரே அதற்குத் தடையாகிவிட்டது. மலிவான வண்டியில் போகிறவர் என்று பெயர் எடுக்க மக்கள் விரும்பவில்லை. தன் பிள்ளையை மழையில் நனையவிடவும் துணிகிறோம். அண்டை வீட்டாரின் பார்வையில் சிறியவராகத் தோன்றத் துணிவதில்லை. இந்த நோய்க்கு எந்தத் தொழிற்சாலையிலும் மருந்தில்லை. அது பிரசங்க பீடத்தின் பொறுப்பு.

அந்த நோய் எனக்கும் இல்லை என்று சொல்லமாட்டேன். பத்து வயதான என் சிறிய காரை நீங்கள் அறிவீர்கள். சில மாதங்களுக்கு முன் ஆயர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போனபோது, வளாகம் முழுவதும் பெரிய வண்டிகளாக நின்றன. நான் என் காரைக் கடைசியிலிருந்த வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். நிழலுக்காக என்று என் மனைவியிடம் சொன்னேன். அன்று வானம் மேகமாயிருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை.

இஸ்ரவேலின் ராஜா தனக்கென்று குதிரைகளைப் பெருக்கக் கூடாது என்று உபாகமம் 17ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. குதிரை அக்காலத்தில் பலத்துக்கும் பெருமைக்கும் அடையாளம். மெய்யான ராஜா எருசலேமுக்குள் வந்தபோது, சகரியா முன்னுரைத்தபடியே கழுதையின்மேல் வந்தார். அந்தக் கழுதையும் இரவல். அவருடைய மகிமை ஏறிவந்த மிருகத்தால் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவரைப் பின்பற்றும் நாம் சாட்சிக் கூட்டத்தில் என்ன செய்கிறோம்? பெரிய கார் வாங்கியவர் எழுந்து நின்றால், கர்த்தர் அவரை உயர்த்தினார் என்று கைதட்டுகிறோம். கடனை அடைத்து முடித்தவர் எழுந்து நின்று சாட்சி சொன்னதை நான் கேட்டதே இல்லை. சிறிய வண்டியில் வருகிறவருக்கு ஆசீர்வாதம் குறைவு என்ற உபதேசத்தை நாம் வாயால் சொல்வதில்லை, கைதட்டலால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தகுந்த வருமானமும் பெரிய குடும்பமும் உள்ளவர்கள் பெரிய வண்டி வைத்திருப்பதில் பாவமில்லை. அவர்களை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். என் பாரம், இல்லாததைக் காட்டுவதற்காகக் கடன் வாங்கும் குடும்பங்களைப் பற்றியதே.

கடைசியாக, அன்றிரவு அந்தத் தாளில் ஒரு கேள்வியை எழுதினோம்: இந்த வண்டியில் வேறு யார் ஏறுவார்கள்? அப்போஸ்தலருடைய நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி தன் இரதத்தில் பிலிப்புவை ஏற்றிக்கொண்டார். வழியில் கண்ட ஓர் அந்நியனுக்கு இடம் கொடுத்தார். அந்த இருக்கையில்தான் அவருக்கு இரட்சிப்பின் வார்த்தை வந்தது. நல்ல சமாரியனும் காயப்பட்டவனைத் தன் சொந்த வாகனத்தின்மேல் ஏற்றினான்; சத்திரக்காரனுக்குக் கொடுக்க அவன் கையில் பணமும் மீந்திருந்தது. வாகனத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்திருந்தால் சத்திரத்து வாசலில் என்ன செய்திருப்பான்? நம் கிளைச் சபைகளில் பேருந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு வர இயலாத முதியோர் இருக்கிறார்கள். ஒரு சிறிய காரின் பின்னிருக்கையில் அவர்களில் இருவருக்கு எளிதாக இடமிருக்கும். பெட்ரோலுக்கு அஞ்சி நிற்கும் பெரிய காரில் ஏழு இருக்கை இருந்தும் ஒருவருக்கும் இடமில்லை.

கணக்கின் முடிவைச் சொல்லுகிறேன். இப்போது அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து மாத வருமானம் 50,000 ரூபாய். தவணை 7,350, பெட்ரோல் 4,200, இன்சூரன்ஸுக்கும் பராமரிப்புக்கும் எடுத்துவைக்க 1,500; மொத்தம் 13,050. வருமானத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. தசமபாகத்தையும் தாயாரின் மருந்துச் செலவையும் தொடாமல் இது இயலாது என்று தெரிந்தது. சிறிய கார்கூட இன்று பெரிதாக இருந்தது. அவர் முகம் வாடியது. “ஓராண்டு பொறுங்கள். அந்த 7,350 ரூபாய்த் தவணையை இந்த மாதத்திலிருந்தே உங்கள் பெயரில் வங்கியில் கட்டிப் பாருங்கள். கட்ட முடிந்தால் வண்டியைத் தாங்குவீர்கள் என்று தெரிந்துவிடும்; முடியாவிட்டால் யாருக்கும் கடன்படாமலே அதையும் தெரிந்துகொள்வீர்கள்” என்றேன். ஓராண்டில் 88,000 ரூபாய் சேரும். அதை முன்பணத்தோடு சேர்த்தால் தவணை 5,500 அளவுக்கு இறங்கும். மொத்தச் செலவும் கால் பங்குக்குள் வந்துவிடும். அவர் நோட்டை மூடிக்கொண்டு, “சரி ஐயா, கட்டிப் பாக்கிறேன்” என்றார். இரண்டு தவணை கட்டிவிட்டார். இப்போது குடும்பமாகப் பைக்கில் நம் ஆலயத்துக்கே வருகிறார்கள். அவர்களிடம் “கார் எங்கே?” என்று யாரும் கேட்க வேண்டாம் என்று தாழ்மையாய் வேண்டிக்கொள்கிறேன்.

இனி நம் சேகரத்தில் இரண்டு காரியங்களை வழக்கமாக்க விரும்புகிறேன். வாகனம் வாங்க எண்ணுகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை வாருங்கள். ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தால் போதும். பரிபாலனக் கமிட்டியில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கணக்குப் பார்க்க உதவ முன்வந்திருக்கிறார். நீங்கள் சொல்வது எங்கள் இருவரைத் தாண்டிப் போகாது. இரண்டாவது, வாகனக் கடனை அடைத்து முடிப்பவர்கள், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தோடு ஆலயத்துக்கு வாருங்கள். ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுப்போம். அன்று இனிப்பு என் செலவு.

அடுத்த ஆண்டு கர்த்தருக்குச் சித்தமானால் ஒரு சிறிய கார் ஆலய வாசலில் வந்து நிற்கும். அதற்கு முன்னும் நான் கை வைத்து ஜெபிப்பேன். இம்முறை நான் எதற்காக ஜெபிக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்களிடம் உள்ளவை யாவும் உம்முடையவை, நாங்கள் உக்கிராணக்காரர் மாத்திரமே. பிறருடைய கண்களுக்காக எங்கள் வீட்டாரின் சமாதானத்தை விற்காதபடி எங்களைக் காத்தருளும். போதும் என்கிற மனதையும், உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும் பொறுமையையும் தாரும். நீர் தரும் வாகனம் சிறியதானாலும் அதில் பிறருக்கு இடமிருக்கச் செய்யும். சாலையில் போகும்போதும் வரும்போதும் எங்களைக் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்